உங்களுக்குத் தெரியுமா? சரிவைக் காக்கும் தெர்மாகோல்!

மணல் சரிவுக்குள் நீர் கசிந்தால் மணிகளுக்கு இடையே நீரழுத்தம் கூடி, அவற்றின் பிடிமானம் தளர்ந்துவிடும். மேற்பரப்புவரை நிறைந்த நீர் சரிவுக்கு இணையாக ஓடினால், மணல் நிலைத்து நிற்கும் கோணமே ஏறக்குறைய பாதியாகிவிடும். அங்கே மேலும் மண்ணைக் கொட்டுவது ஆபத்து.

அதனால் சரிவின் மேற்பகுதி மண்ணை வெட்டியெடுத்து, தெர்மாகோல் கட்டிகளை அடுக்குகிறார்கள். கன மீட்டருக்குச் சுமார் 20 கிலோதான் எடை. மண்ணோ ஏறத்தாழ 1,800 கிலோ! சரிவைக் கீழே தள்ளும் பாரம் வெகுவாகக் குறைகிறது. 1972இல் நார்வேயில், ஆஸ்லோ அருகே, இளகிய சதுப்பு நிலத்துச் சாலைக்கு முதலில் கைகொடுத்த முறை இது.

பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் கரையும் என்பதால், மேலே அமையும் சாலைக்கு அடியில் கான்கிரீட் பலகை போட்டு மூடுவார்கள். நீரில் மிதக்கும் என்பதால் கட்டிகளுக்குப் பின்னால் சரளை வடிகால் கட்டாயம். வடிகால் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.