ஏரியில் இறங்கிய போர் விமானங்கள்!

விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓர் ஏரியே விமான தளமாக இருந்த கதை தெரியுமா?

இலங்கையின் தென்கரையில், காலி நகருக்கு அருகே உள்ள சிற்றூர் கொக்கலை. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் பெரிய ஏரி. நடுவே தென்னை மரங்களும் வீடுகளும்.

இரண்டாவது உலக யுத்தம் இந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த குறி இலங்கைதான் என்று பிரிட்டிஷார் அஞ்சினார்கள்.

அலையில்லாத கொக்கலை ஏரி அவர்கள் கண்ணில் பட்டது. 'காட்டலினா' என்ற விமானங்கள் அங்கே வந்து இறங்கின. இவற்றின் அடிப்பாகம் படகு போல இருக்கும். தண்ணீரிலிருந்தே கிளம்பும், தண்ணீரிலேயே இறங்கும்.

வானத்தில் ஒரு காவல்காரர்

1942 ஏப்ரல் 2-ந் தேதி கனடா நாட்டு விமானி லெனார்டு பர்ச்சால் கொக்கலைக்கு வந்து சேர்ந்தார். இரண்டே நாளில், 4-ந் தேதி விடியுமுன், அவருடைய விமானம் கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் மொத்தம் 9 பேர்.

பகல் முழுவதும் எதுவும் தென்படவில்லை. திரும்ப வேண்டிய நேரம். அப்போது தூரத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அருகே போய்ப் பார்த்தால்... ஜப்பானின் பெரும் கப்பல் படை! பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோ என்ற தளபதியே அதற்கும் தலைவர்.

உடனே ரேடியோவில் செய்தி பறந்தது. அதற்குள் ஜப்பானியப் போர் விமானங்கள் சூழ்ந்து கொண்டு சுட்டன. ரேடியோ நொறுங்கியது. விமானம் கடலில் விழுந்தது. மூன்று பேர் மாண்டனர். பர்ச்சால் உள்பட ஆறு பேர் சிறைப்பட்டனர்.

"செய்தி அனுப்பினாயா?" என்று கேட்டு அவர்களை அடித்தார்கள். செய்தி முன்பே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது!

துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் அவசரமாக வெளியேறின. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. சேதம் ஏற்பட்டது. ஆனால் எதிரி வருவது தெரியாமல் ஊர் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 6-ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த நாட்களில்தான் சென்னை மக்களும் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓடினார்கள்.

1945-ல் யுத்தம் முடிந்த பிறகே பர்ச்சால் விடுதலையானார். 'இலங்கையின் ரட்சகர்' என்று பெயர் பெற்ற அவர் 2004-ல் காலமானார்.

இரண்டு சூரியோதயம்

சிங்கப்பூர் வீழ்ந்ததால் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே விமானப் பாதை அறுந்தது. 1943-ல் புது வழி பிறந்தது. கொக்கலை ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு, நடுவே எங்கும் இறங்காமல் ஒரே ஓட்டம்! தூரம் சுமார் 5,600 மைல் அல்ல. 5,600 கிலோ மீட்டர். ஆனாலும் மெதுவாகச் செல்லும் காட்டலினாவுக்கு அது 30 மணி நேரத்துக்கு மேலும் பிடித்ததுண்டு.

எதிரி காதில் விழாதிருக்க ரேடியோ மூடிக் கிடக்கும். நட்சத்திரங்களே வழிகாட்டி. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே சூட்டினார்கள். பெட்ரோல் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்குச் சான்றிதழ் கூடத் தந்தார்கள்!

1945 வரை 271 முறை இப்படிக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம் கூட விழவில்லை.

வீடு இழந்தவர்கள்

இத்தனை வீரத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் கொக்கலை மக்கள்.

தளத்துக்காக அவர்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டன. தப்பிய வீடுகளில் ஒன்று, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890-ல் பிறந்த வீடு.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944-ல் அவருடைய 'கம்பெரலிய' என்ற நாவல் வெளியாயிற்று. அவர் பிறந்து வளர்ந்த கிராம வாழ்க்கைதான் அந்தக் கதைக்கு ஆதாரம். மண்ணில் அழிந்தது ஏட்டில் நின்றுவிட்டது!

1976-ல் அவர் மறைந்தார். அந்த வீட்டை ஒட்டி இன்று கிராமியப் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அந்த நாள் மக்கள் புழங்கிய சாமான்களை அங்கே காணலாம்.

பர்ச்சாலின் தைரியத்தை உலகம் போற்றுகிறது. போற்றட்டும். கூடவே, வீட்டைக் கொடுத்துவிட்டு மூட்டையுடன் நடந்த அந்தப் பெயர் தெரியாத குடும்பங்களையும் ஒரு நிமிடம் நினைப்போமே!