பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்களுக்கான மாநில மானியம் (அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் சிறிய விமான நிலையங்களின் ஓடுபாதை, விளக்குகள், பாதுகாப்பு வேலி போன்றவற்றைச் சீரமைக்க மாநில அரசுகள் வழங்கும் நிதியுதவி, விமான நிலைய மேம்பாட்டுக்கான மாநில மானியம் எனப்படும். இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால், பெறுபவரை நிபந்தனைகள் கட்டுப்படுத்தும். இம்மானியம் செயல்படும் முறையைக் கலிபோர்னியா மாநிலத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

பொதுப் பயன்பாடு என்பதன் பொருள்

முன் அனுமதி பெறாமல் எந்த விமானியும் பயன்படுத்தக்கூடிய நிலையமே பொதுப் பயன்பாட்டு விமான நிலையம். அது அரசுக்குச் சொந்தமானதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தனியார் நிலையமும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கலாம். அமெரிக்காவில் இத்தகைய நிலையங்கள் சுமார் 5,000 உள்ளன. பெரும்பாலானவற்றில் பயணிகள் விமானச் சேவை இல்லை. பயிற்சி விமானங்கள், மருத்துவ விமானங்கள், மருந்து தெளிக்கும் விமானங்கள் போன்றவையே அங்கு வந்து போகின்றன. கலிபோர்னியாவில் ரமோனா, கொலம்பியா, ஹாலிஸ்டர் ஆகிய சிறு நிலையங்களிலிருந்து காட்டுத்தீயை அணைக்கும் விமானங்கள் புறப்படுகின்றன.

கூட்டரசு நிதி இருக்க மாநில நிதி ஏன்?

1982இல் தொடங்கிய விமான நிலைய மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகக் கூட்டரசு மானியம் வழங்கி வருகிறது. பயணச்சீட்டு வரி, எரிபொருள் வரி முதலியன சேரும் தனி நிதியத்திலிருந்து இப்பணம் வருகிறது. ஆனால், தேசியத் திட்டப் பட்டியலில் இடம்பெற்ற சுமார் 3,300 நிலையங்கள் மட்டுமே இதற்குத் தகுதி பெறும். பட்டியலில் இல்லாத நிலையங்களுக்கு மாநில அரசும் உள்ளாட்சியுமே துணை.

பட்டியலில் உள்ள நிலையத்துக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறு நிலையங்களின் திட்டச் செலவில் கூட்டரசு பொதுவாக 90 விழுக்காட்டை ஏற்கும். எஞ்சியதை உள்ளூர் அமைப்பு திரட்டியாக வேண்டும். திரட்ட இயலாவிட்டால் அந்த 90 விழுக்காடும் கிடைக்காது.

கலிபோர்னியாவின் மூன்று மானியங்கள்

விமான எரிபொருள் மீதான மாநில வரியே இம்மானியங்களின் ஊற்று. விமானப் பெட்ரோலுக்குக் காலனுக்கு 18 சென்ட்டும், ஜெட் எரிபொருளுக்கு 2 சென்ட்டும் வசூலிக்கப்படுகின்றன. பயணிகள் விமான நிறுவனங்களுக்கு இந்த ஜெட் எரிபொருள் வரி இல்லை. சேரும் பணம் வான்போக்குவரத்துக்கான தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, கீழ்க்காணும் வரிசையில் பகிரப்படுகிறது.

1. ஆண்டுத் தொகை: பொது அமைப்புகளுக்குச் சொந்தமான, பயணிகள் சேவையில்லாத தகுதியுள்ள சிறு நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10,000 டாலர். இதை ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்து வைத்து, 50,000 டாலராகவும் பயன்படுத்தலாம். கூட்டரசு மானியத்தில் பெரும்பாலும் இடம்பெறாத அன்றாடப் பராமரிப்புக்கு இத்தொகை கைகொடுக்கிறது.

2. இணை மானியம்: கூட்டரசு மானியம் பெற்ற நிலையத்துக்கு, அம்மானியத் தொகையில் 5 விழுக்காடு வரை மாநிலம் தரும்.

3. நிலம் மற்றும் மேம்பாட்டு மானியம்: நிலம் வாங்குதல், ஓடுபாதையைப் புதுப்பித்தல் போன்ற பெரிய பணிகளுக்கானது. உள்ளூர் அமைப்பும் ஒரு பங்கை ஏற்க வேண்டும். கூட்டரசுப் பட்டியலில் இல்லாத நிலையங்களுக்கு இதுவே பெரும் நம்பிக்கை.

இந்த வரிசையில் ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. முதல் இரண்டுக்கும் கொடுத்த பின் எஞ்சுவதே மூன்றாவதற்குச் செல்கிறது. எரிபொருள் விற்பனை குறைந்தால் வரி குறையும். அப்போது கடைசி வரிசையில் நிற்கும் பெரிய பணிகளே தள்ளிப்போகும். தார், சிமெண்டு விலை ஏறினாலும் 10,000 டாலர் என்ற ஆண்டுத் தொகை தானாக உயர்வதில்லை.

ஓர் எளிய கணக்கு

ஓடுபாதைப் பணிக்கு 10 இலட்சம் டாலர் செலவாகிறது. கூட்டரசு 90 விழுக்காடு தருகிறது என்று கொள்வோம்.

கூட்டரசு மானியம்: 9,00,000 டாலர்
மாநில இணை மானியம் (9,00,000இல் 5 விழுக்காடு): 45,000 டாலர்
உள்ளூர் பங்கு: 55,000 டாலர்

5 விழுக்காடு என்பது மொத்தச் செலவில் அன்று, கூட்டரசு மானியத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். மாநில உதவி இல்லையெனில் உள்ளூர் பங்கு 1,00,000 டாலராகும். சில ஆயிரம் மக்கள் மட்டுமே வாழும் ஓர் ஊருக்கு இந்த வேறுபாடு, பணி நடக்குமா நடக்காதா என்பதையே முடிவு செய்துவிடும்.

தொகுதி மானியம் வேறு

மாநில மானியத்தையும் மாநிலத் தொகுதி மானியத்தையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது. தொகுதி மானியத்தில் பணம் கூட்டரசுடையது. சிறு நிலையங்களுக்கு அதைப் பகிரும் பொறுப்பு மட்டுமே மாநிலத்துடையது. 1989இல் இல்லினாய், மிசூரி, வட கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களில் தொடங்கிய இம்முறையில் இன்று டெக்சஸ், மிச்சிகன் உள்ளிட்ட பத்து மாநிலங்கள் உள்ளன. கலிபோர்னியா இதில் இல்லை.

நிபந்தனைகள்

கலிபோர்னியாவில் மாநில மானியத்தைத் தனிக் கணக்கில் வைத்து, விமான நிலையப் பணிகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும். கூட்டரசு மானியத்தின் பிடி இன்னும் இறுக்கமானது. மேம்பாட்டுப் பணிக்குப் பணம் பெற்ற நிலையம் பொதுவாக 20 ஆண்டுகள் வரை திறந்திருக்க வேண்டும். மானியத்தால் வாங்கிய நிலத்துக்குக் கால வரம்பே இல்லை.

இதன் வலிமையைச் சாண்டா மொனிக்கா நகரம் கண்டது. வீடுகள் சூழ்ந்த தன் விமான நிலையத்தை மூட விரும்பிய நகராட்சி, மானியக் கடப்பாடு 2014இல் முடிந்தது என்றது. 2003இல் கூடுதல் தொகை பெற்றதால் அது 2023 வரை நீடிக்கும் என்றது கூட்டரசு. 2017இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2028 திசம்பர் 31 வரை நிலையம் இயங்க வேண்டும். அதன் பிறகே நகரம் அதை மூடலாம்.

ஆகவே மானியத்துக்கு விண்ணப்பிக்கும் ஓர் ஊர், தன் பங்குப் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த நிலையம் தனக்குத் தேவையா என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.