புரசம்பூவும் குருத்தணுவும்

குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்வது இரும்பே. வளர்ந்த ஒருவர் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. உயிரைக் காக்கும் அவ்விரும்பே, கட்டவிழ்ந்து நின்றால் உயிரணுவைக் கொல்லவும் வல்லது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஸ்காட் டிக்சன், பிரெண்ட் ஸ்டாக்வெல் முதலிய அறிஞர்கள் 2012ஆம் ஆண்டில் இவ்வகைச் சாவுக்குப் 'பெராப்டோசிஸ்' எனப் பெயரிட்டனர். 'பெர்ரம்' என்னும் இலத்தீன் சொல் இரும்பையும், 'டோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல் வீழ்தலையும் குறிக்கும்.

இச்சாவு எவ்வாறு நிகழ்கிறது? நெடுநாள் வைத்த எண்ணெய் காறிப்போவதை எல்லாரும் அறிவர். உயிர்வளி கொழுப்பைத் தாக்குவதால் வரும் கேடு அது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வும் பெரும்பாலும் கொழுப்பாலானதே. ஆதலின் அதற்கும் அக்கேடு நேரக்கூடும். புரதங்களோடு பிணைந்து அடங்கியிருக்கும் இரும்பால் தீங்கில்லை. தனித்துத் திரியும் இரும்போ, உயிரணுவில் இயல்பாகத் தோன்றும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு கூடி, 'ஹைட்ராக்சில்' என்னும் அடங்காத் துணுக்கை உண்டாக்குகிறது. இவ்வினைக்கு அடிப்படையான ஆய்வை ஹென்றி பென்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1894இல் வெளியிட்டார். அதனால் இது 'பென்டன் வினை' எனப்படுகிறது.

அத்துணுக்கு ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கிறது. பறிகொடுத்த மூலக்கூறு உயிர்வளியோடு சேர்ந்து, அடுத்ததிடம் பறிக்கிறது. கூரைக்குக் கூரை தாவும் தீயைப்போல் கேடு பரவுகிறது. குளுட்டாதயோன் என்னும் பொருளும், அதனைக் கொண்டு இயங்கும் செலினிய நொதி ஒன்றும் இத்தீயை அணைக்கும் காவலர்கள். காவல் தளர்ந்தால் சவ்வு சிதைந்து உயிரணு மடிகிறது.

இக்கேடு குருத்தணுக்களையும் விட்டுவைப்பதில்லை. குருத்தணு என்பது, இன்னும் ஒரு தொழிலில் அமராமல், வேண்டியவாறு உருமாறக்கூடிய உயிரணு. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒருவகைக் குருத்தணு எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பணுவாகவும் மாறும். பழுதுற்ற உறுப்பைச் சீராக்க இவற்றை உடலில் செலுத்தும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஆயின் செலுத்தியவற்றுள் பல, சென்ற இடத்தில் நிலைக்காமல் மடிந்துவிடுகின்றன. அவற்றைக் காக்கும் வழியைத் தேடுவோர் தாவரங்களின் பக்கம் திரும்பினர்.

பூவுக்கும் கனிக்கும் நிறமூட்டும் பொருள்களுள் பிளேவனாய்டுகள் ஒரு பெரிய குடும்பம். வெங்காயத்திலுள்ள குவெர்செட்டின் அவற்றுள் ஒன்று. செந்தழல்போல் பூக்கும் புரசமரத்தின் மலரில் பியூட்டீன், பியூட்டின் என்னும் இரண்டு உள்ளன. இம்மரத்தின் தாவரவியற் பெயரான 'பியூட்டியா' என்பதிலிருந்தே அப்பெயர்கள் பிறந்தன.

சீன நாட்டுக் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களுக்கு எராஸ்டின் என்னும் பொருளை ஊட்டினர். எராஸ்டின் குளுட்டாதயோனைக் குறைத்து, பெராப்டோசிஸைத் தூண்டுவது. புரசம்பூவின் இரு பொருள்களும் குருத்தணுக்களைக் காத்தன. அவற்றுள் பியூட்டீனே மேம்பட்டு நின்றது.

இரண்டும் ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையில் கொண்டவை. இரண்டிலும் ஒரு வளையத்தில் இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் அருகருகே நிற்கின்றன. அவை ஹைட்ரஜனை ஈந்து பறிப்புத் தொடரை அறுக்கும். திரியும் இரும்பையும் இடுக்கிபோல் பற்றிக்கொள்ளும். பின் வேற்றுமை யாது? பியூட்டினில் நடுப்பகுதி வளையமாக மூடியிருக்கிறது. பியூட்டீனில் அது திறந்து, இரு முனை வளையங்களையும் ஒரே தொடராக இணைக்கிறது. ஆதலின் ஹைட்ரஜனை இழந்த குறையை மூலக்கூறு முழுவதும் பகிர்ந்து தாங்குகிறது. எழுத்துகள் ஒன்றாயினும் வரிசை மாறினால் சொல் மாறுவது போன்றதே இது.

எனினும் இவை ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் கண்ட முடிவுகள். உண்ட பிளேவனாய்டு குடலிலும் ஈரலிலும் உருமாறி, சிறிதளவே குருதியை அடைகிறது. ஆகவே புரசம்பூவை மருந்தென்று காய்ச்சிக் குடிப்பது அறிவுடைமையன்று. மேலும், இரும்பைப் பற்றும் அதே குணம் மற்றோரிடத்தில் தீங்காகலாம். உணவோடு தேநீர் பருகினால் அதிலுள்ள இவ்வினப் பொருள்கள் கீரை, பருப்பு முதலியவற்றின் இரும்பைப் பிணித்து, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. சோகையால் வாடும் தாய்மாரும் பிள்ளைகளும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நன்று.

இரும்பு பகையுமன்று, தாவர நிறப்பொருள் அமுதமுமன்று. எது, எங்கே, எவ்வளவு என்பதே நன்மை தீமையை வகுக்கிறது. வகுப்பறையில் இப்பாடத்தைச் சொல்லும்போது மாணவர் மனத்தில் முதலில் பதிய வேண்டுவதும் அதுவே.