படைத்தளம் துறைமுகமானபோது: சூபிக் சொல்லும் பாடம்

அமெரிக்கக் கடற்படை 1992 நவம்பர் 24 அன்று பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவைக் காலி செய்தது. தளத்தை நம்பியே பிழைத்த ஒலோங்காப்போ நகரம் ஒரே நாளில் வேலையிழந்து நின்றது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் தளத்தைத் தொடர அனுமதிக்கும் புதிய ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது அந்நாட்டு செனட்தான்.

தளம் மூடப்பட்ட பிறகு வரும் முதல் ஆபத்து கொள்ளை. பினாட்டுபோ எரிமலைச் சாம்பலில் மூழ்கி 1991-இல் கைமாறிய கிளார்க் விமானத் தளத்தில் அகப்பட்டதையெல்லாம் பிடுங்கிப் போனார்கள். சூபிக்கில் அது நடக்கவில்லை. ஒலோங்காப்போ மேயர் ரிச்சர்ட் கார்டன் அழைக்க, சுமார் 8,000 பேர் சம்பளமில்லாமல் காவல் நின்றார்கள். விமான ஓடுபாதை, ஆழ்துறைமுகம், குடியிருப்புகள் எல்லாம் சேதமில்லாமல் மிஞ்சின. பின்னால் வந்த முதலீட்டுக்கெல்லாம் இதுதான் அஸ்திவாரம் என்பேன்.

அடுத்தது சட்டம். 1992 மார்ச்சில் வந்த தளமாற்றச் சட்டம் சூபிக்கைத் தடையில்லா வணிக மண்டலமாக்கி, தனி ஆணையத்திடம் ஒப்படைத்தது. இறக்குமதிக்குச் சுங்கவரி இல்லை. நிறுவனங்கள் மற்ற வரிகளுக்குப் பதிலாக மொத்த வருமானத்தில் 5% கட்டினால் போதும் என்றிருந்தது. 1995-இல் ஃபெடெக்ஸ் தன் ஆசிய சரக்கு மையத்தை இங்கே அமைத்தது. மறு ஆண்டே ஏபெக் எனும் ஆசிய-பசிபிக் கூட்டமைப்பின் உச்சி மாநாடு நடந்தது.

ஆனால் சலுகைக்காக வந்தவர்கள் கடைசிவரை இருப்பார்களா? ஃபெடெக்ஸ் 2009-இல் சீனாவின் குவாங்சோவுக்குப் போய்விட்டது. ஒரு கட்டத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை தந்த தென்கொரிய ஹான்ஜின் கப்பல் கட்டும் தளம் 2019-இல் கடனில் மூழ்கியது. 2022-இல் அதை அமெரிக்க முதலீட்டு நிறுவனமான செர்பரஸ் வாங்கியது. அதில் ஒரு பகுதியைப் பிலிப்பைன்ஸ் கடற்படையே வாடகைக்கு எடுத்திருக்கிறது. படை போன இடத்துக்குப் படையே திரும்பியதை என்ன சொல்ல!

எல்லாவற்றிலும் மோசமானது மண்ணுக்குள் கிடந்தது. எரிமலையால் வீடிழந்த குடும்பங்கள் கிளார்க் தளத்தில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்த கிணற்று நீரைக் குடித்தன. அந்தத் தளத்தின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் நச்சுப்பொருள்கள் கலந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. தளங்களைப் பழைய நிலைக்குச் சீராக்கித் தரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லை என்று பழைய 1947 தள ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கைமாறும் முன்பே மண்ணைச் சோதித்து, சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். வரிச்சலுகையில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட மணிலா இதில் காட்டவில்லை.