படகிலே குடித்தனம், பனியிலே விருந்தாளி

காஷ்மீர் என்றால் நம் அம்மாக்கள் தலைமுறைக்கு ‘தேன் நிலவு’ படம்தான் ஞாபகம். 1961-இல் வந்த அந்தப் படத்தில் டால் ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எத்தனையோ பேர். ஜோடி ஜோடியாகப் போய் ஏரியில் மிதக்கும் படகு வீட்டில் நாலு நாள் இருந்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறோம். அந்த அலங்காரப் படகுக்குப் பின்பக்கம், ஒரு பலகையால் இணைத்தாற்போல இன்னொரு சின்னப் படகு நிற்குமே, அதை யாராவது எட்டிப் பார்த்திருக்கிறோமா? அதற்கு டோங்கா என்று பேர். படகுக்காரர் குடும்பம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சமைப்பது, துவைப்பது, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் விருந்து வைப்பது எல்லாம் அந்த மரக்கூட்டுக்குள்தான். அதுவும் தண்ணீரே உறைந்து போகிற குளிரில்!

எங்கள் மாங்காட்டுக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் நடுவில் போய்க் குடித்தனம் நடத்துங்கள் என்றால் நாம் சம்மதிப்போமா? அங்கே ஹாஞ்ஜி என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வெளியூர்க்காரர்கள் காஷ்மீரில் நிலம் வாங்க முடியாது. ‘நிலம்தானே கூடாது, தண்ணீரில் இருந்தால்?’ என்று யோசித்து, கோடைக்கு வந்த துரைமார்கள் படகையே பங்களாவாக்கிக் கொண்டார்கள் என்பார்கள். சுமார் நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷத்துச் சங்கதி இது. தேவதாரு மரத்தில் படகு, அக்ரூட் மரத்தில் நாற்காலி மேஜை, பூவேலை செய்த கூரை என்று ஒரே வைபவம்தான்.

2024 டிசம்பரில், பிள்ளைகளின் அரைப் பரீட்சை லீவில் நாங்கள் போனோம். பனிக்காலத்தில் வாடகை குறைவு என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். போன பிறகுதான் தெரிந்தது, டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக்கு ‘சில்லே கலான்’ என்று அங்கே பெயர். கடுங்குளிர் காலம். அதற்குப் பிறகு இருபது நாள் சின்னக் குளிர், பத்து நாள் குட்டிக் குளிர் என்று எழுபது நாளைக்கு அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் மண்டலக் கணக்கு வைக்கிற மாதிரி! அந்த வருஷம் சில்லே கலான் பிறந்த இரவே மைனஸ் எட்டரை டிகிரிக்குப் போயிற்றாம். ஐம்பது வருஷத்தில் டிசம்பர் மாதம் இவ்வளவு குளிர்ந்த இரவு ஸ்ரீநகரில் இல்லை என்று பத்திரிகைகளில் வந்தது. மாங்காட்டில் மார்கழிக் கோலம் போடுகையில் விரல் லேசாக விறைத்தாலே மப்ளரைத் தேடுகிற ஜன்மங்கள் நாம்.

எங்கள் படகுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மாளுக்கு ஓரளவு இந்தி வரும். நானும் பிரசார சபாவில் மத்யமா வரை எழுதியவள். இரண்டு ஓட்டை இந்தியையும் சேர்த்து வைத்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டோம். அந்தச் சமயம் அவர்கள் மூத்த பெண் பிரசவத்துக்கு வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடும் ஐந்து வயசுப் பெண்ணோடும் இருந்தாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். போதாததற்கு சம்பந்தியம்மாளும் பேரனைப் பார்க்க வந்து, பனி பிடித்துக்கொண்டதால் அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

முன்னால் நூறடி நீளத்துக்குப் பெரிய படகு, அதில் எங்களுக்குக் கொடுத்த இரண்டு அறை போக மற்றதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. “பெண்ணையும் குழந்தையையும் இங்கே சௌகரியமாகப் படுக்க வைக்கலாமே?” என்று கேட்டேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். “அறைக்கு அறை நெருப்பு வைக்கணும் பஹன்ஜி. ஒரு நெருப்பென்றால் நான் காவல் இருப்பேன். நாலு நெருப்புக்கு யார் விழித்திருப்பது?”

அதனால் ராத்திரியானால் எல்லோரும் டோங்காவின் நடு அறையில்தான். நடுவில் ஒரு தகர அடுப்பு. விறகு போட்டு எரிப்பது, புகை போகக் கூரைக்கு மேல் குழாய் உண்டு. அதற்குப் பேர் புகாரி. (எனக்கு மவுண்ட் ரோடு பிரியாணிக் கடைதான் ஞாபகம் வந்தது!) அடுப்புக்குத் தள்ளி கைக்குழந்தைக்காரி, அவளை ஒட்டி பெரிய குழந்தை, பிறகு சம்பந்தியம்மாள், வாசல் பக்கம் வீட்டுக்காரரும் அந்த அம்மாளும். சம்பந்திக்கு மரியாதைக் குறைச்சல் ஆகிவிடக் கூடாதே என்று நல்ல ரஜாய் அவருக்குத்தான். அதிலெல்லாம் காஷ்மீரும் ஒன்றுதான், காஞ்சிபுரமும் ஒன்றுதான்.

ஒரு ஜன்னல் மட்டும் நாலு விரல் திறந்தே இருந்தது. ஊசியாய்க் காற்று வருகிறது. குழந்தை இருக்கிற அறையில் இது என்ன என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நம் வீட்டில் பச்சை உடம்புக்காரி இருந்தால் சாவித் துவாரத்தைக்கூட பஞ்சு வைத்து அடைத்து விடுவோமே!

காரணம் 27-ந் தேதி இரவு தெரிந்தது. அன்று மத்தியானத்துக்கு மேல் பனி கொட்ட ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் ஏரி, தோணி, படித்துறை எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயிற்று. கரண்டும் போய்விட்டது. குழந்தை சிணுங்கியிருக்கிறது. குளிருகிறதோ என்று அந்தப் பெண் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, காங்ரியை எடுத்துப் போர்வைக்குள் காலடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். காங்ரி என்பது நம் குமுட்டி அடுப்புக்குத் தங்கை. மண் சட்டியில் கரித்தணல், சட்டியைச் சுற்றிப் பிரம்புக் கூடை மாதிரி பின்னல், தூக்கப் பிடி. ஆணும் பெண்ணும் பெரன் என்கிற தொளதொள அங்கிக்குள் இதைப் பிடித்துக்கொண்டே நடமாடுகிறார்கள்.

கூரையில் பனி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்த அந்த அம்மாள், பெண்ணின் போர்வையைத் தொட்டதும் கத்தினாரே ஒரு கத்தல்! பெரிய படகில் இருந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது காங்ரி வெளித் தளத்தில் பனியில் கிடந்தது. இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. குழந்தையை வாரி எடுத்துத் தன் பெரனுக்குள் மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். பெண் தலை வலிக்கிறது என்று முனகினாள். நல்ல காற்றில் அரை மணியில் சரியாகிவிட்டது. குழந்தை கண்ணைத் திறந்து பாலுக்கு அழுத பிறகுதான் எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. தலைவலியோடு விட்டதால் ஆயிற்று. மயக்கம், வாந்தி என்றிருந்தால் அந்தப் பனியில் தோணியில் ஏற்றி, கரைக்குப் போய், ஆஸ்பத்திரி... நினைக்கவே நடுங்குகிறது.

கரியோ விறகோ காஸோ, சரியாகக் காற்று கிடைக்காமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் தூக்கம். தூங்குகிறவர்களுக்கு முதல் மூன்றும் தெரியாமலே போய்விடும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். வயிற்றில் குழந்தை இருந்தால் அதற்கும் ஆபத்து. ‘கரியில் புகை அடங்கியாச்சு, இனிமேல் பயமில்லை’ என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். கண்ணுக்குப் புகை தெரியாத செந்தணலில்தான் இது மறைந்திருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், அதுவும் இதைக் கண்டுபிடிக்காது. எல்லாம் சரி என்றே காட்டும். சந்தேகம் வந்தால் உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிராணவாயுதான் மருந்து.

நமக்கேது காங்ரி என்று சொல்லாதீர்கள். 2024-இல் கொடைக்கானலுக்குப் போன இளைஞர்கள் இருவர், கறி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துத் தூங்கி, எழுந்திருக்கவே இல்லை. குளியலறைக்குள்ளேயே காஸ் கீஸரை மாட்டி, காற்றுப் போகும் ஓட்டையையும் அட்டை வைத்து அடைக்கிற வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. அதற்கும் மேலே ஒன்று. குழந்தையைக் குளிப்பாட்டி, கதவைச் சாத்தி, தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி காட்டுகிறோமே! தலையில் நீர் கோக்கும் என்ற பயம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சின்ன நுரையீரலுக்கு அந்தப் புகை வேண்டாம் என்றுதான் குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். மெல்லிய துண்டால் தலையை ஒற்றி எடுத்துவிட்டால் போதும். பாட்டிமார் கோபித்துக்கொண்டால் சாம்பிராணியைச் சுவாமி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டச் சொல்லுங்கள். நெருப்பில் நின்று தவம் செய்த காமாட்சி இருக்கும் ஊர்க்காரி சொல்கிறேன், அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்படியானால் அந்தக் கைக்குழந்தையை எப்படிக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறார்கள்? படுக்கும் முன் புகாரியை நன்றாக எரியவிட்டு அறை மரத்தையே சூடேற்றிக் கொள்கிறார்கள். பிறகு தணலை அணைத்துவிட்டுத்தான் படுக்கை. படுக்கையில் வெந்நீர்ப் பையை வைத்து எடுத்துவிட்டு, அந்தச் சூட்டில் குழந்தையைப் போடுகிறார்கள். ஒரே தடிக் கம்பளியாக மூடாமல் மெல்லிய உடுப்பு மூன்று நாலு அடுக்கு. மல்லாக்கப் படுக்கை. முகத்துக்குப் போர்வை வரவே கூடாது. ரொம்பக் குளிர்ந்தால் தாயின் மார்போடு மார்பாக வைத்துக்கொள்வது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் கங்காரு முறை என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

காங்ரியில் இன்னொரு கெடுதலும் உண்டு. வருஷக்கணக்காக வயிற்றிலும் தொடையிலும் சூடு பட்டுப் பட்டு, தோலில் வலை மாதிரி கருஞ்சிவப்புத் தழும்பு விழும். சிலருக்கு அதே இடத்தில் புற்றுநோய் வந்துவிடும். ஸ்ரீநகரில் வைத்தியம் பார்த்த எல்ம்ஸ்லி என்ற டாக்டர் 1866-லேயே இதை எழுதி வைத்தார். காங்ரி கான்சர் என்றே டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இடுப்பு வலிக்கு மணிக்கணக்கில் சூட்டுப்பை கட்டிக்கொண்டு தூங்கும் சகோதரிகளுக்கும் அந்த வலைத் தழும்பு வரும், கவனியுங்கள்.

நெருப்புப் பயமும் லேசானதல்ல. காய்ந்த தேவதாரு, பக்கத்தில் பக்கத்தில் படகு. 2023 நவம்பர் 11-ந் தேதி டால் ஏரியில் ஐந்து படகு வீடுகள் எரிந்து, பங்களாதேஷிலிருந்து வந்த மூன்று பேர் இறந்து போனார்கள். அதனால்தான் அந்த அம்மாள் குழந்தைத் துணியை அடுப்புக்கு ஒரு கை தூரத்துக்கு உள்ளே காயப் போட விடமாட்டார். வெளியில் போட்டாலோ துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது! அறைக்குள் கொடி கட்டி இரண்டு நாள் காய வைக்கிறார்கள். தண்ணீருக்கும் இதே பாடுதான். குழாய்க்குள்ளே தண்ணீர் உறைந்துவிடும் என்று ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டு வைக்கிறார்கள். சாயங்காலமே பாத்திரமெல்லாம் நிரப்பியாகிவிடும். பேத்திப் பெண் மட்டும் பெரியவர் கையைப் பிடிக்காமல் படிப்பக்கம் போகக் கூடாது. தண்ணீர்மேல் மெல்லிய பனித்தகடு தரை மாதிரி தெரிகிறதே!

பனி கொட்டுகிற இரவில் ஆண்பிள்ளைக்குத் தூக்கமில்லை. கூரையில் பனி ஏறினால் கனத்தில் படகு அமிழும், பலகை இடுக்கில் தண்ணீர் ஏறும். வீட்டுக்காரர் இரண்டு மணிக்கொருதரம் ஏறி மரத்தட்டியால் தள்ளிக்கொண்டே இருந்தார். மறுநாள் விமானம் எல்லாம் ரத்து. நாங்களும் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

சாப்பாட்டுக்குத்தான் எனக்குச் சந்தோஷம். கடையும் இல்லை, காய்கறித் தோணியும் வரவில்லை. அந்த அம்மாள் உத்தரத்திலிருந்து மாலை மாலையாக இறக்கினார். கத்திரிக்காயைக் காம்பு விடாமல் நாலாகக் கீறி நூலில் கோத்துக் காய வைத்தது, சுரைக்காயை நாடா நாடாக நறுக்கியது, தக்காளி, நூல்கோல் மாதிரி ஒரு கிழங்கு, எல்லாம் வத்தல்! கோடையில் காய வைத்துப் பனிக்காலத்துக்கு எடுத்து வைப்பார்களாம். பூசணம் பார்த்துக் கழித்துவிட்டு, வெந்நீரில் ஊறப் போட்டு, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறார். நாம் வத்தக் குழம்புக்குப் போடும் தாமரைத் தண்டு அங்கே ஏரியிலேயே விளைகிறது. நத்ரு என்று பேர். தயிரில் வேகவைத்துச் சோம்பும் சுக்கும் போட்டுக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கும் அதே சுக்குதான். உப்புப் போட்டு இளஞ்சிவப்பாக ஒரு டீ, நூன் சாய், நாளைக்கு நாலு தரம் குடிக்கிறார்கள். பழகினால் நன்றாகத்தான் இருக்கிறது. ரத்த அழுத்தக்காரர்கள் மட்டும் ஒரு கப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சம்பந்தியம்மாள் ஐந்து கப் குடித்தார், யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

குட்டிக் குளிரும் போய், பிப்ரவரிக் கடைசியில்தான் பெண்ணும் குழந்தையும் கரையில் இருக்கும் புக்ககத்துக்குப் போவார்களாம். கூட அனுப்ப ஒரு கத்திரி மாலையும் ஒரு சுரை மாலையும் தனியாக ஆணியில் தொங்கின. பதிலுக்கு நான் பையில் கொண்டுபோயிருந்த மணத்தக்காளி வத்தலைக் கொடுத்தேன். வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, கசக்கிறதே, இதையா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பீர்கள் என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!