‘எவ்வளவு கொடுக்குது?’

புது பைக் எடுத்து வந்து தெருவில் நிறுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “எவ்வளவு கொடுக்குது?” லிட்டருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்ததிலிருந்து நம் ஊரில் பைக்கின் மரியாதையே அந்த எண்ணில்தான். இப்போது இரண்டாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் மேப் பார்க்க எதை மாட்டுவது?

முதல் கேள்வியில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 கொடுத்த வண்டியிலிருந்து 40 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் மாதம் 8.3 லிட்டர் மிச்சம், ஏறத்தாழ 830 ரூபாய். 60-லிருந்து 70-க்கு மாறினால்? அதே 10 கிலோமீட்டர் உயர்வுதான்; மிச்சமோ 2.4 லிட்டர், 240 ரூபாய். அந்த 70-க்காக 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், போட்ட பணம் திரும்பவே மூன்றரை ஆண்டு பிடிக்கும். ஷோரூமில் யாரும் இப்படிப் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

ஆகவே மைலேஜைவிட, மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. உணவு டெலிவரிக்கு நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுபவர் 45 கொடுக்கும் வண்டியை விட்டு 60 கொடுக்கும் வண்டிக்கு வந்தால், மாதம் 16 லிட்டருக்கு மேல் மிஞ்சும். அவருக்கு அது பிள்ளையின் டியூஷன் பணம். வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்குமாக மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுபவர், மனதுக்குப் பிடித்த வண்டியை வாங்கிவிட்டுப் போகலாம்.

கையில் இருக்கும் வண்டியிலேயே மிச்சம் பிடிக்க இடம் உண்டு. டயரில் காற்று குறைந்தால் உருள்வதற்கே கூடுதல் சக்தி வேண்டும். காய்ந்த செயினும் அப்படித்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 60-ல் போகும்போது இருப்பதைப் போல 80-ல் ஏறக்குறைய 1.8 மடங்கு. பைபாஸில் முறுக்கிக்கொண்டு போய்விட்டு மெக்கானிக்கிடம் “மைலேஜ் வர்லண்ணே” என்றால் அவர் என்ன செய்வார்? பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதும் ஒரு காரணம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வகை இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் இறங்கலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது.

இனி மேப். பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது வழிகாட்டிக் கருவி விற்றால் நம்பாதீர்கள். 60 கொடுக்கும் வண்டியில் 3 கிலோமீட்டர் வழி தவறினால் நட்டம் 5 ரூபாய். வழிகாட்டி காப்பாற்றுவது நேரத்தை. அது கேட்கும் விலை கவனம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது அது சின்ன தூரம் அல்ல.

பெரும்பாலோருக்குத் தனிக் கருவி வேண்டாம் என்பதே என் கட்சி. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இருசக்கர வாகன வழியை முதன்முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. கார் நுழையாத சந்துகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சட்டமும் முழுசாகக் கையைக் கட்டவில்லை. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது. சிக்கல் போனை மாட்டும் இடத்தில்தான். உச்சி வெயிலில் திரை தெரியாது, போன் சூடேறி அணைந்துபோகும். மழைத்துளி விரலைப் போலவே திரையைத் தொடும். பெரிய இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது.

2020-ல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் பைக்கில் ஒரு சின்ன வட்டத் திரை இருந்தது. முழு மேப் கிடையாது; அடுத்த திருப்பத்துக்கு ஓர் அம்புக்குறியும் தூரமும் மட்டும். போன் சட்டைப்பையிலேயே இருக்கும். ஓட்டுபவருக்குத் தேவையானது அவ்வளவுதான். மழையிலும் கையுறையோடும் பல நாள் சுற்றுபவர்களுக்குத் தனி ஜிபிஎஸ் கருவி பயன்படும். அவர்கள் கொஞ்சம் பேர்.

மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன் தன் இருப்பிடத்தை அறிவது செயற்கைக்கோளிலிருந்து; அதற்கு டவர் வேண்டாம். டவர் இல்லாவிட்டால் வராமல் போவது மேப் படம்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வழி தவற வாய்ப்பில்லை, இருப்பது ஒரே சாலை. மேலே ஏறிய பிறகுதான் சாலைகள் பிரியும். அங்கே சிக்னல் போனபின் டவுன்லோடு பொத்தானைத் தேடிப் பயனில்லை. முந்தின இரவே வீட்டு வைஃபையில் அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துவிடுங்கள். மறந்துபோனால் டீக்கடைகள் இருக்கின்றன. வழி சொல்வார்கள், கூடவே, வண்டி எவ்வளவு கொடுக்குது என்றும் கேட்பார்கள்.