பழந்துப்பாக்கியும் புதுக்குற்றமும்

கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பிரதேசங்களில் காட்டை அடுத்து வாழும் குடியானவர்களுக்கு, யானையும் பன்றியும் விளைநிலத்தில் புகுவது புதிதன்று. பாட்டன் விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடப்பதும் புதிதன்று. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு அதிகாரிகள் கேட்கும்போதெல்லாம், "இது பழம்பொருள்தானே, ஆயுதமா?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தெரியாதிருப்பது பேராபத்து.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியையும், புராதன மதிப்புடையதையும், பழுதானதையும் விலக்குகிறது என்பது மெய்யே. ஆனால் பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுடத் தகாததாய் அஃது இருத்தல் வேண்டும். வயது பேசுவதில்லை, சுடும் ஆற்றலே பேசுகிறது. ஆகவே, துருவேறிய குழலுக்குத் தச்சர் புதுக்கட்டையும் கொல்லர் வேறொரு பழந்துப்பாக்கியின் குதிரையும் பொருத்திவிட்டால், உறுப்புகள் யாவும் நூறாண்டுப் பழமையுடையன எனினும், சட்டத்தின் கண்ணில் அது ஆயுதமே. லைசென்ஸின்றி அதைப் பழுதுபார்த்தவரும் குற்றவாளியாவார். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி இக்குற்றத்துக்குத் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் நீளலாம். கூலிக்கு ஆணி அடித்த கொல்லரின் கதி என்னவாகும்!

பிறநாடுகளில் எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் 1898ஆம் வருஷத்தையும் அதற்கு முன்னையும் சேர்ந்தவற்றைப் பழம்பொருள் என்கிறது. பிரிட்டனோ, 2021ஆம் வருஷத்து விதிகளால் 1939 செப்டம்பரைக் கெடுவாக வைத்து, எந்தத் தோட்டாக்கள் வழக்கொழிந்தவை என்றும் வகுத்திருக்கிறது. நமது 45ஆம் பிரிவிலோ வருஷக் கணக்கே இல்லை. இது நிபுணருக்கு விளங்கலாம். தளிக் குடியானவனுக்கு எவ்வாறு விளங்கும்?

லிட்டன் பிரபு 1878இல் இயற்றிய சட்டம், நம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்த அநீதி. 1931இல் கராச்சிக் காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பிரகடனம் செய்தது. பிற்காலத்தில் அச்சட்டத்தை நீக்கி, இன்றுள்ளதை வகுத்தது சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டே. ஆகவே இதற்குக் கீழ்ப்படிதல் நமது கடமை. கீழ்ப்படிய வேண்டியது இன்னதென்று தெரிவிப்பது சர்க்காரின் கடமையன்றோ?

ஜில்லா அதிகாரிகள் கிராமந்தோறும் முகாமிட்டு, எது பழம்பொருள், எது ஆயுதம் என ஆராய்ந்து சொல்லட்டும். சரித்திர மதிப்புள்ளவற்றைச் சுடவியலாதபடி செய்து, காட்சிசாலைகளில் வைக்கட்டும். தானே முன்வந்து காட்டுபவனைத் திருடனைப் போல் நடத்தாதிருக்கட்டும். அதுவரை, தேசத் தொண்டர்களே, ஊர்தோறும் சென்று ஒன்று சொல்லுங்கள்: பரணிலுள்ள பழந்துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், அதிகாரிகளிடம் காட்டுங்கள். அறியாமையால் ஒரு குடியானவன் சிறை புகுவானாயின், அப்பழி அவனை மட்டும் சாராது. அறிந்தும் வாளாவிருந்த நம்மையும் சாரும்.